எல்.கே.ஜி. ஆசிரியராக எந்தப் படிப்பு செல்லும்? சந்தேகங்களும் விளக்கங்களும்

மழலையர் வகுப்பு ஆசிரியர்களின் கல்வித் தகுதி குறித்துப் பொதுமக்களிடையே பல சந்தேகங்கள் நிலவுகின்றன. 2025-ஆம் ஆண்டில் மட்டும் மூன்று அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தன. பிப்ரவரியில் ஓராண்டு பி.எட். படிப்புக்கான வரைவு விதிகள், ஆகஸ்ட் 8-இல் தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை, செப்டம்பர் 1-இல் ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மூன்றும் வெவ்வேறு நிலைகளைப் பற்றியவை என்றாலும், மூன்றும் தமக்கே பொருந்தும் என்று நர்சரிப் பள்ளி வேலைக்கு முயல்வோர் கருதுகின்றனர்.

தென்காசி மாவட்டம் இலத்தூர், குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் பட்டப்படிப்பு முடித்த பெண்களுக்கு வீட்டருகே கிடைக்கக்கூடிய பணிகளில் மழலையர் பள்ளி ஆசிரியர் பணியும் ஒன்று. அதற்காகக் கட்டணம் செலுத்திப் படிக்கும் சான்றிதழ் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது சேரும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்கான விளக்கங்கள் வருமாறு:

மழலையர் ஆசிரியர் என்பவர் எந்த வயதுக் குழந்தைகளுக்குக் கற்பிப்பவர்?

பொதுவாக 3 வயது நிறைந்தது முதல் ஒன்றாம் வகுப்பில் சேரும் வரையிலான குழந்தைகளுக்குக் கற்பிப்பவர். அங்கன்வாடி, பிளே ஸ்கூல், பிரி-கே.ஜி., எல்.கே.ஜி., யு.கே.ஜி. அனைத்தும் இதில் அடங்கும். தமிழ்நாட்டில் 5 வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பில் சேரலாம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 6 வயதைக் குறிப்பிடுவதோடு, 3 முதல் 8 வயது வரை, அதாவது இரண்டாம் வகுப்பு முடியும் வரை, ஒரே அடித்தள நிலையாகக் கொள்கிறது.

மருத்துவர், வழக்கறிஞர்போல மழலையர் ஆசிரியருக்கும் உரிமம் உண்டா?

இந்தியாவில் பொதுப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தனிநபர் உரிமமோ பதிவு எண்ணோ வழங்கும் முறை இல்லை. குறைந்தபட்சக் கல்வித் தகுதி என்ன என்பதை விதிகள் கூறுகின்றன. அது விண்ணப்பதாரரிடம் இருக்கிறதா என்பதைப் பணியில் சேர்ப்பவர் சரிபார்க்கிறார். எனவே, 'படிப்பு முடிந்ததும் ஆசிரியர் லைசென்ஸ் தரப்படும்' என்ற விளம்பரத்துக்குச் சட்ட அடிப்படை இல்லை.

இந்தத் தகுதியை வகுப்பது மத்திய அரசா, மாநில அரசா?

என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுக்கிறது. 1993-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைக்கப்பட்டு, 1995 முதல் செயல்படும் இந்த அமைப்புக்கு இரண்டு பொறுப்புகள் உள்ளன. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களுக்கு அங்கீகாரம் அளிப்பது ஒன்று. ஆசிரியர்களின் குறைந்தபட்சத் தகுதியை நிர்ணயிப்பது மற்றொன்று. பணியிடங்களை உருவாக்குவது, நியமிப்பது, ஊதியம் தருவது ஆகியவை மாநில அரசின் அல்லது பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு.

மழலையர் வகுப்புக்கு அந்த அமைப்பு நிர்ணயித்துள்ள தகுதி என்ன?

2014 நவம்பர் 12-ஆம் தேதியிட்ட விதிகளின்படி, மேல்நிலைத் தேர்வில் குறைந்தது 50 சதவீத மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். அதனுடன், நர்சரி ஆசிரியர் கல்வி, முன்பருவக் கல்வி அல்லது தொடக்கக் குழந்தைப் பருவக் கல்வியில் இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத பட்டயம் வேண்டும், அல்லது பி.எட். நர்சரி பட்டம் வேண்டும். இவற்றை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படித்திருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் 'பால்வாடிகா' எனப்படும் மழலையர் வகுப்புகளுக்கு ஒப்பந்த ஆசிரியர்களைத் தேர்வு செய்யும்போது கேட்பதும் இதே தகுதியைத்தான்.

பி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு இதில் விலக்கு உண்டா?

இல்லை. விதி கேட்பது மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணையும் ஆசிரியர் பயிற்சியையும்தான். பட்டம் கூடுதல் தகுதியாக இருக்குமே தவிர, இரண்டு ஆண்டுப் பயிற்சிக்கு ஈடாகாது. மனையியல், குழந்தை மேம்பாடு, உளவியல் ஆகியவற்றில் பட்டம் பெற்றவர்களுக்கும் இதுவே விதி.

இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பில் என்ன கற்பிக்கப்படும்?

குழந்தை வளர்ச்சி, உடல்நலம், ஊட்டச்சத்து, மொழியும் எண்ணும் அறிமுகமாகும் விதம், விளையாட்டு வழிக் கற்றல், மழலையர் பள்ளி நிர்வாகம் ஆகியவை பாடங்கள். 2014-ஆம் ஆண்டின் அங்கீகார விதிகளின்படி ஆண்டுக்கு 200 வேலை நாள்கள் வகுப்பு நடைபெற வேண்டும். வகுப்புக்கு 80 சதவீதமும் பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வருகைப் பதிவு தேவை. சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் படிப்பை முடிக்க வேண்டும். ஒரு பிரிவில் 50 பேர் வரை சேர்க்கப்படுவர். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் விதிகளின்படி தளர்வு உண்டு.

பி.எட். நர்சரி என்பது என்ன? வழக்கமான பி.எட். பட்டத்திலிருந்து வேறுபட்டதா?

வேறுபட்டது. பட்டதாரிகள் சேர்ந்து மழலையர் கல்வியில் சிறப்புப் பயிற்சி பெறும் பி.எட். வகை இது, புது தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகம் இதற்குப் பெயர் பெற்றது. நாட்டில் மிகச் சில இடங்களில் மட்டுமே கிடைப்பதால், தென் மாவட்டப் பட்டதாரிகளுக்கு நடைமுறையில் எளிதான வழியாக இது இல்லை.

வழக்கமான பி.எட். முடித்தவர்கள் எல்.கே.ஜி. வகுப்பு எடுக்கலாமா?

மழலையர் வகுப்புக்கான தகுதிப் பட்டியலில் பொதுவான பி.எட். இடம்பெறவில்லை. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கவும் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11-இல் தேவேஷ் சர்மா வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு வழிவிட்டிருந்த 2018 ஜூன் 28-ஆம் தேதிய அறிவிப்பும் ரத்து செய்யப்பட்டது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தனிப் பயிற்சி தேவை என்பதே அத்தீர்ப்பின் சாரம். பெரிய வகுப்புக்குப் படித்தவர் சிறிய வகுப்பைச் சுலபமாகச் சமாளித்துவிடுவார் என்ற பரவலான எண்ணத்துக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது.

தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம் பெற்றவர்களின் நிலை என்ன?

டி.டி.எட். என்று முன்பு அறியப்பட்ட, தற்போது டி.எல்.எட். எனப்படும் இரண்டு ஆண்டுப் பட்டயம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கான தகுதி. முன்பருவக் கல்விப் பட்டயம் வேறு, இது வேறு. தனியார் பள்ளிகள் பலவற்றில் டி.எல்.எட். முடித்தவர்கள் மழலையர் வகுப்புகளிலும் பணியாற்றுகின்றனர். எனினும் 2014-ஆம் ஆண்டு விதியை அப்படியே பின்பற்றும் நிறுவனங்களில் முன்பருவக் கல்விப் பட்டயமே கேட்கப்படும்.

அரசுப் பள்ளிகளிலும் எல்.கே.ஜி. உள்ளதா? அது எப்போது தொடங்கியது?

நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை 2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு தொடங்கியது. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள் இந்த வகுப்புகளுக்கு மாற்றப்பட்டனர். தாங்கள் மழலையர் கல்விக்கான பயிற்சி பெற்றவர்கள் அல்லர் என்று கூறி அவர்களில் சிலர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை நாடினர். 2022 ஜூனில் அவர்கள் மீண்டும் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டபோது வகுப்புகள் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு எழுப்பிய எதிர்ப்பால், வகுப்புகள் தொடரும் என அரசு அறிவித்தது.

அந்த வகுப்புகளில் பின்னர் ஆசிரியர்கள் எவ்வாறு நியமிக்கப்பட்டனர்? ஊதியம் எவ்வளவு?

2022 அக்டோபரில் வெளியான அரசாணையின்படி, பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகச் சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். மாதம் ரூ.5,000 மதிப்பூதியம், ஆண்டுக்கு 11 மாதங்களுக்கு. இது காலமுறை ஊதியப் பணியிடம் அல்ல. குழந்தையின் முதல் ஆசிரியருக்கு நாளொன்றுக்கு ரூ.200-க்கும் குறைவாக வரும் இந்தத் தொகை, அந்தப் பணியின் பொறுப்புக்குச் சற்றும் ஈடானதல்ல.

மழலையர் ஆசிரியர் பணிக்கு டெட் தேர்வு எழுத வேண்டுமா?

தற்போதைய விதிகளின்படி தேவையில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வு, 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆவது பிரிவையும் 2010 ஆகஸ்ட் 23-ஆம் தேதிய அறிவிப்பையும் அடிப்படையாகக் கொண்டது. இவை ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களுக்கே பொருந்தும். முதல் தாள் ஒன்று முதல் ஐந்து வரை, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரை கற்பிப்பவர்களுக்கானது. மழலையர் நிலைக்கும் இத்தேர்வை விரிவுபடுத்தலாம் என்று தேசியக் கல்விக் கொள்கை கூறினாலும், அதற்கெனத் தனி விதி வந்தால்தான் கட்டாயமாகும்.

2025 செப்டம்பர் 1 தீர்ப்பால் எல்.கே.ஜி. ஆசிரியர்கள் வேலை இழப்பார்களா?

அந்தத் தீர்ப்பு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களைப் பற்றியது. ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்றும், ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேர்ச்சி பெறாமல் பதவி உயர்வு கோர முடியாது என்றும் அது கூறியது. மழலையர் வகுப்பை மட்டும் எடுப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஒரே ஆசிரியர் யு.கே.ஜி.யோடு ஒன்றாம் வகுப்பையும் சேர்த்து எடுக்கும் சிறிய பள்ளிகளில், அவர் எந்த வகுப்புக்கு நியமிக்கப்பட்டார் என்பதை நியமன ஆணையில் பார்க்க வேண்டும்.

மாண்டிசோரி சான்றிதழ் போதாதா? பள்ளி விளம்பரங்கள் அதைத்தானே கேட்கின்றன?

மாண்டிசோரி என்பது ஒரு கற்பித்தல் முறை; அரசு வகுத்த தகுதியின் பெயரல்ல. அம்முறையை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, 1939-இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து சுமார் 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் காரணமாக அவரது இந்திய வாசம் 1946 வரை நீண்டது, கொடைக்கானலிலும் சில காலம் தங்கினார். அவர் 1929-இல் நிறுவிய சர்வதேச மாண்டிசோரி சங்கத்தின் பட்டயத்துக்கு மாண்டிசோரி பள்ளிகளில் உலகெங்கும் மதிப்பு உண்டு. ஆனால் அச்சங்கத்துக்கும் 'மாண்டிசோரி' என்ற சொல்லைப் பெயரில் வைத்துக்கொண்டு சில மாதப் பயிற்சி நடத்தும் எல்லா நிறுவனங்களுக்கும் தொடர்பு இருப்பதாகக் கொள்ளக் கூடாது. எந்த அமைப்பு சான்றிதழ் வழங்குகிறது என்பதைக் கேட்டறிய வேண்டும்.

ஆறு மாத, ஓராண்டு நர்சரி டீச்சர் டிரெயினிங் படிப்புகள் செல்லுமா?

2014-ஆம் ஆண்டு விதி இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத பட்டயத்தைக் கேட்பதால், ஆறு மாதமோ ஓராண்டோ படித்துப் பெறும் சான்றிதழ் அத்தகுதியை நிறைவு செய்யாது. ஒரு தனியார் பள்ளி அச்சான்றிதழை ஏற்று வேலை தரலாம். அது அந்தப் பள்ளி நிர்வாகத்தின் முடிவு. வேறு பள்ளிக்கோ அரசுப் பணிக்கோ மாறும்போது அதே சான்றிதழ் ஏற்கப்படும் என்று உறுதி இல்லை.

ஐ.எஸ்.ஓ. சான்று, அரசுப் பதிவு எண் ஆகியவை உள்ள நிறுவனத்தை நம்பலாமா?

சங்கப் பதிவு, அறக்கட்டளைப் பதிவு, கம்பெனிப் பதிவு, சிறு தொழில் பதிவு, நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு ஆகிய எதுவும் படிப்புக்கான அங்கீகாரம் ஆகாது. ஐ.எஸ்.ஓ. சான்று நிர்வாக நடைமுறையைப் பற்றியது. வழங்கும் பட்டயம் அரசுப் பணிக்குச் செல்லுமா என்பதை அது கூறுவதில்லை. 'மத்திய அரசில் பதிவு பெற்றது' என்ற வரி பல துண்டுப் பிரசுரங்களில் பெரிய எழுத்தில் இருக்கும். எந்தச் சட்டத்தின் கீழ், எதற்காகப் பதிவு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அங்கீகாரம் உள்ளதா என்பதை எவ்வாறு சரிபார்ப்பது?

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மாநிலவாரியாகத் தனது இணையதளத்தில் வெளியிடுகிறது. தமிழ்நாடு தென் மண்டலக் குழுவின் கீழ் வருகிறது. அங்கீகாரம் நிறுவனத்துக்கு மொத்தமாக அன்றி, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக வழங்கப்படுகிறது. பி.எட். நடத்த அங்கீகாரம் பெற்ற கல்லூரி, அதே வளாகத்தில் முன்பருவக் கல்விப் பட்டயம் நடத்தினால் அதற்குத் தனி ஆணை இருக்க வேண்டும். கட்டணம் செலுத்தும் முன் அந்த ஆணையில் படிப்பின் பெயர், அனுமதிக்கப்பட்ட இடங்கள், ஆணை எண், தேதி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, இணையதளப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

அங்கீகாரம் இல்லாத நிறுவனத்தில் படித்துவிட்டால் என்ன ஆகும்?

1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17(4) பிரிவின்படி, அங்கீகாரம் இல்லாமல் நடத்தப்பட்ட ஆசிரியர் கல்விப் படிப்பில் பெற்ற தகுதி, மத்திய, மாநில அரசுப் பணிக்கும் பல்கலைக்கழகப் பணிக்கும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிப் பணிக்கும் செல்லாது. பின்னாளில் அந்த நிறுவனம் அங்கீகாரம் பெற்றாலும், அதற்கு முன் படித்தவர்களுக்கு அது தானாகப் பொருந்திவிடாது.

அப்படியானால் தனியார் நர்சரிப் பள்ளிகளில் எந்தத் தகுதியும் இல்லாமல் சேரலாமா?

மேற்கண்ட பிரிவு அரசு மற்றும் அரசு உதவி பெறும் நிறுவனங்களையே குறிப்பிடுகிறது என்றாலும், தனியார் பள்ளிகளும் தம் அங்கீகாரத்துக்குரிய நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவை. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்கு 2018-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் உள்ளது. மழலையர் பள்ளிகளைக் கண்காணிப்பது தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரின் பொறுப்பு. 2013-ஆம் ஆண்டின் தேசிய தொடக்கக் குழந்தைப் பருவப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை, 3 முதல் 6 வயது வரையிலான 20 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தைப் பரிந்துரைக்கிறது. ஆசிரியரின் தகுதியையும் இந்த விகிதத்தையும் பள்ளியில் கேட்டறிய பெற்றோருக்கு முழு நியாயம் உண்டு.

இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் குழந்தைப் பராமரிப்புப் பட்டயம் ஏற்கப்படுமா?

இக்னோ வழங்கும் தொடக்கக் குழந்தைப் பருவப் பராமரிப்பு மற்றும் கல்விப் பட்டயத்துக்கு மேல்நிலைத் தேர்ச்சி போதும். 32 மதிப்பலகுகள் கொண்ட இதைக் குறைந்தது ஓராண்டில் முடிக்கலாம். பாடத்தின் தரத்திலும் பல்கலைக்கழகத்தின் தகுதியிலும் ஐயமில்லை. எனினும், ஓராண்டுப் படிப்பாகவும் தொலைநிலைப் படிப்பாகவும் இருப்பதால் இரண்டு ஆண்டு முன்பருவ ஆசிரியர் பட்டயத்துக்கு இணையாக இதைக் கொள்ள முடியாது. தனியார் மழலையர் பள்ளி, குழந்தைகள் காப்பகம், தொண்டு நிறுவனம் ஆகியவற்றில் பணியாற்ற நினைப்பவர்களுக்கு, வீட்டிலிருந்தே குறைந்த செலவில் அடிப்படை அறிவு பெற இது நல்ல வழி.

முழுக்க ஆன்லைனில் படித்து மழலையர் ஆசிரியர் தகுதி பெற இயலுமா?

2014-ஆம் ஆண்டின் அங்கீகார விதிகள் 15 வகை ஆசிரியர் கல்விப் படிப்புகளைப் பட்டியலிடுகின்றன. அவற்றுள் தொலைநிலையில் நடத்த இடம் உள்ளவை தொடக்கக் கல்விப் பட்டயமும் பி.எட். பட்டமும் மட்டுமே; முன்பருவக் கல்விப் பட்டயம் நேரடி வகுப்புப் படிப்பாகவே உள்ளது. குழந்தைகளோடு இருந்து பழக வேண்டிய பணிக்கு இது சரியான நிபந்தனையே.

கேரளத்தில் பெற்ற முன்பருவ ஆசிரியர் சான்றிதழ் தமிழ்நாட்டில் செல்லுமா?

புளியரையைத் தாண்டினால் கேரளம் என்பதால் செங்கோட்டை வட்டாரத்தில் இந்தக் கேள்வி இயல்பானது. சான்றிதழ் எந்த மாநிலத்தில் பெறப்பட்டது என்பதைவிட, படிப்பு இரண்டு ஆண்டுகளா, அந்தப் படிப்புக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருந்ததா என்பதே முக்கியம். ஓராண்டுப் பயிற்சியாக இருந்தால், அந்த மாநிலத்தில் அதற்கு மதிப்பு இருந்தாலும், மேற்கண்ட தேசியத் தகுதியை அது எட்டாது.

அங்கன்வாடிப் பணியாளராகவும் இதே பட்டயம் தேவையா?

தேவையில்லை. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகள் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் குறு மையங்கள் உட்பட 54,439 மையங்கள் உள்ளன. 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட நியமனத்தில், பணியாளருக்கு மேல்நிலைத் தேர்ச்சியும் பொதுவாக 25 முதல் 35 வரையிலான வயதும் கேட்கப்பட்டன. பெண்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம், உள்ளூரைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். முதல் 12 மாதங்களுக்கு மாதம் ரூ.7,700 தொகுப்பூதியம், பின்னர் ரூ.7,700 முதல் ரூ.24,200 வரையிலான சிறப்புக் காலமுறை ஊதியம். பட்டம் பெற்றிருந்தாலும் ஊதியம் இதுவே.

அங்கன்வாடியில் பாடம் நடத்தப்படுகிறதா, உணவு மட்டும்தானா?

முன்பருவக் கல்வியும் அங்கன்வாடியின் பணிகளில் ஒன்று. தமிழ்நாட்டில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற செயல்பாட்டு நூலின் வழி அது நடத்தப்படுகிறது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என 2022 ஏப்ரல் 25-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவர்களது பணியில் முன்பருவக் கல்வியும் அடங்கும் என்பதைக் கணக்கில் கொண்டது.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கான ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பில் வெளியில் உள்ளவர்கள் சேரலாமா?

தேசியக் கல்விக் கொள்கை கூறும் அந்தப் பயிற்சி, பணியில் இருப்பவர்களுக்கானது. மேல்நிலைத் தேர்ச்சி பெற்ற பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழும், அதற்குக் குறைந்த கல்வி பெற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயமும் என்பது அதன் பரிந்துரை. வேலை தேடும் பட்டதாரிகளுக்கான குறுக்கு வழியாக அதை விளம்பரப்படுத்தினால் நம்பக் கூடாது.

நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் படிப்பு பட்டதாரிகளுக்குப் பயன்படுமா?

ஐ.டி.இ.பி. எனப்படும் இந்தப் படிப்பு 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு 2023-24 கல்வியாண்டில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. அடித்தள நிலை, ஆயத்த நிலை, நடுநிலை, இடைநிலை என நான்கு பிரிவுகளில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். மழலையர் வகுப்பு அடித்தள நிலையில் அடங்கும். மேல்நிலைத் தேர்ச்சிக்குப் பின் தேசியத் தேர்வு முகமையின் நுழைவுத் தேர்வு வழியாகச் சேர வேண்டும், தமிழிலும் எழுதலாம். ஏற்கெனவே பட்டம் பெற்றவர் இதில் சேர்ந்தால் மீண்டும் நான்கு ஆண்டுகள் படிக்க நேரும் என்பதால், மேல்நிலை மாணவர்களுக்கே இது பொருத்தம்.

ஓராண்டு பி.எட். வருவதாகக் கூறப்படுகிறதே, அதற்காகக் காத்திருக்கலாமா?

2025 பிப்ரவரியில் வெளியான வரைவு விதிகளில், நான்கு ஆண்டுப் பட்டம் அல்லது முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு ஓராண்டு பி.எட். முன்மொழியப்பட்டது. வரைவு என்பது கருத்துக் கேட்புக்கானது. மத்திய அரசிதழில் இறுதி விதி வெளியான பிறகே அது செல்லும். அதைக் காட்டி முன்பதிவுக் கட்டணம் கேட்கும் நிறுவனங்களிடம் அரசிதழ் அறிவிப்பின் நகலைக் கேட்க வேண்டும்.

2030-க்குப் பிறகு இரண்டு ஆண்டுப் பட்டயம் செல்லாது என்பது உண்மையா?

2030-க்குள் நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த படிப்பே ஆசிரியர் பணிக்கான குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. கொள்கை சட்டம் ஆகாது. தகுதி விதிகள் திருத்தப்படும் வரை 2014-ஆம் ஆண்டு விதியே நடைமுறை. விதி மாறும்போது ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படுவதும் உண்டு. பி.எட். வழக்கில், 2023 ஆகஸ்ட் 11-க்கு முன் நியமிக்கப்பட்ட தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் நிபந்தனைகளுடன் பாதுகாக்கப்பட்டது அண்மைக்கால உதாரணம்.

தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை வந்ததால் மத்திய விதிகள் இங்கே பொருந்தாதா?

நீதிபதி த.முருகேசன் தலைமையிலான குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2025 ஆகஸ்ட் 8-இல் மாநிலக் கொள்கை வெளியிடப்பட்டது. ஒன்றாம் வகுப்பில் சேரும் வயது 5 என்பது உட்பட மாநிலத்தின் நிலைப்பாடுகளை அது கூறுகிறது. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களின் அங்கீகாரம் 1993-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் வருவதால், அந்த நிபந்தனைகள் தமிழ்நாட்டுக்கும் தொடர்ந்து பொருந்தும்.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான மழலையர் ஆசிரியருக்கு என்ன விதி?

இந்தப் பிரிவில் பதிவு உண்டு. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின்படி, சிறப்பாசிரியர்கள் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரைப் பதிவு செய்து எண் பெற வேண்டும்; பதிவு இல்லாமல் இப்பணியில் ஈடுபடுவது சட்டப்படி குற்றம். செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு உள்ள இளங்குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கான பட்டயப் படிப்புகளுக்கும் அந்தக் குழுமமே அங்கீகாரம் அளிக்கிறது. பதிவைக் காலக்கெடுவுக்குள் புதுப்பிக்க, தொடர் பயிற்சிகளில் கலந்துகொண்டிருக்க வேண்டும்.

வெளிநாடுகளில் பட்டதாரிகளுக்குத் தனி வழி இருப்பதாகக் கூறப்படுவது சரியா?

சில நாடுகளில் உண்டு. நியூசிலாந்தில் ஏதேனும் ஒரு பாடத்தில் பட்டம் பெற்றவர், மழலையர் கல்வியில் ஓராண்டுப் பட்டதாரிப் பட்டயம் முடித்து, அந்நாட்டு ஆசிரியர் மன்றத்தில் பதிவு செய்து பணிச் சான்றிதழ் பெறலாம். முழுச் சான்றிதழுக்கு மூத்த ஆசிரியரின் வழிகாட்டலில் பணியாற்றிய காலமும் தேவை. தமிழர்கள் மிகுந்து வாழும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தனி மன்றத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே மழலையர் கல்வியாளர் என்ற பெயரைப் பயன்படுத்தலாம். இந்தியாவில் பெறும் பட்டயம் அங்கே நேரடியாக ஏற்கப்படாது. தகுதி மதிப்பீடும் ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றும் கேட்கப்படும்.

பத்து ஆண்டுகளாக நர்சரிப் பள்ளியில் பணியாற்றுபவர் அனுபவத்தைக் காட்டித் தகுதி பெற முடியுமா?

முடியாது. அனுபவச் சான்று நேர்காணலில் மதிப்பைக் கூட்டும். தகுதிச் சான்றுக்கு மாற்றாக அதை ஏற்க விதியில் இடமில்லை. பள்ளி மாறும்போதும் பள்ளி ஆய்வின்போதும் கேட்கப்படுவது பட்டயமே. மேல்நிலைத் தேர்வில் 50 சதவீதம் பெற்றிருந்தால், விடுப்பு எடுத்தாவது இரண்டு ஆண்டுப் படிப்பை முடிப்பதைத் தவிர நிலையான வழி வேறில்லை.

இந்தப் பட்டயத்தை அரசே தென் மாவட்டங்களில் நடத்தக் கூடாதா?

நடத்த விதியில் தடையில்லை. அரசு நிறுவனங்களும் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் என்ற கட்டமைப்பு ஏற்கெனவே உள்ளது; 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாவதற்கு முன் ஒன்றாக இருந்த திருநெல்வேலி மாவட்டத்துக்கான நிறுவனம் முனைஞ்சிப்பட்டியில் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் எல்.கே.ஜி. வகுப்புகள் தொடரும் என்று அறிவித்த அரசு, அவற்றுக்கான ஆசிரியர்களை உருவாக்கும் படிப்பையும் குறைந்த கட்டணத்தில் அத்தகைய நிறுவனங்களில் தொடங்க வேண்டும். இலத்தூர் போன்ற ஊர்களின் பட்டதாரிப் பெண்கள் செல்லாத சான்றிதழுக்குப் பணம் கட்டி ஏமாறாமல் இருக்க அதுவே உறுதியான ஏற்பாடு.